இரவுப் பார்வைக் கருவி வாங்கப் போனால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் அழைத்து, "தம்பி, பசங்களுக்குப் பிரயோஜனமா ஒரு இருபது நிமிஷம் பேசணும். பேச்சுல சரக்கு இருக்கணும்" என்றார். என் வேலையே வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பதுதான். கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கேமரா சார்ந்த எச்சரிக்கைக் கருவிகளை வடிவமைக்கிறேன். அதில் இரவில் பார்க்கும் கருவிகளும் உண்டு. காசு கையில் இருந்தாலும் கடையில் வாங்க முடியாத பொருள் அது. ஏன் வாங்க முடியாது, எப்படித்தான் வாங்குவது, அதில் இன்ஜினீயரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். நம் கல்லூரியில் முதல் வருடம் நடத்திய ஒளிமின் விளைவு ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு ஐன்ஸ்டீன் சமன்பாட்டை எழுதிவிட்டு மறந்துபோவோமே, அதேதான். நட்சத்திர வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்து ஒரு மெல்லிய படலத்தின் மேல் விழுகிறது. அதுதான் போட்டோகேத்தோடு. ஒளி பட்டதும் அது எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. அடுத்து மைக்ரோசேனல் பிளேட். ரூபாய் நாணய அளவுள்ள இந்தக் கண்ணாடி வில்லையில் லட்சக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையும் சில மைக்ரான் அகலம். உள்ளே போகும் ஒரு எலெக்ட்ரான் சுவரில் மோதி மோதி ஆயிரக்கணக்காகப் பெருகி வெளியே வருகிறது. அந்தக் கூட்டம் பாஸ்பர் திரையில் விழும்போது படம் தெரிகிறது. மனிதக் கண் பச்சை வெளிச்சத்தில்தான் அதிகக் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் அந்தத் திரையைப் பச்சையாக வைத்தார்கள். இப்போது வெள்ளைத் திரையும் வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜெர்மன் வீரர்கள் அகச்சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு இருட்டில் பார்த்தார்கள். ஆனால் எதிரியிடமும் அதே கருவி இருந்தால், விளக்கு பிடித்தவன்தான் முதலில் மாட்டுவான். 1960-களில், வியட்நாம் போரின்போது, விளக்கே இல்லாமல் நட்சத்திர ஒளியை வைத்துப் பார்க்கும் முதல் தலைமுறைக் கருவி வந்தது. மைக்ரோசேனல் பிளேட் சேர்ந்தது இரண்டாம் தலைமுறை. போட்டோகேத்தோடில் காலியம் ஆர்சனைடு வந்தது மூன்றாம் தலைமுறை. இரவு வானத்தில் அகச்சிவப்பை ஒட்டிய ஒளிதான் அதிகம். காலியம் ஆர்சனைடு அதை நன்றாகப் பிடித்துக் கொள்கிறது.

தரத்தை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை ஜோடிக் கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது என்பதையும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பெருக்கினால் வருவது அந்தக் குழாயின் தகுதி எண். கோடுகள் 64, விகிதம் 25 என்றால் 64 × 25 = 1600. ஒரு குழாயை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய அமெரிக்க அரசு பார்க்கும் அளவுகளில் இந்த எண்ணும் ஒன்று. ஆக, இங்கே ஸ்பெசிபிகேஷன் ஷீட்டே ஒரு பாஸ்போர்ட் மாதிரி. நல்ல சரக்காக இருந்தால் எல்லை தாண்டாது!

இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? இருட்டில் நான் பார்க்கலாம், எதிரே இருப்பவன் பார்க்க முடியாது என்றால் போர்க்களத்தில் அது துப்பாக்கியை விடப் பெரிய ஆயுதம். அதனால் துப்பாக்கியைப் போலவே இதையும் பூட்டி வைக்கிறார்கள். பனிப்போர் காலத்தில் மேற்கத்திய நாடுகள் கோகாம் என்ற அமைப்பின் மூலம் பூட்டின. அது 1994-இல் கலைந்தது. 1996-இல் வாசனார் உடன்பாடு வந்தது. வாசனார் என்பது நெதர்லாந்தில் ஓர் ஊர். ராணுவத்துக்கும் சிவில் தேவைக்கும் இரண்டுக்கும் பயன்படும் பொருள்களுக்கு இந்த உடன்பாட்டில் ஒரு பட்டியல் உண்டு. அதன் ஆறாம் பிரிவு சென்சார்களும் லேசர்களும். மைக்ரோசேனல் பிளேட்டின் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் 12 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ இருந்து, போட்டோகேத்தோடு காலியம் ஆர்சனைடாகவும் இருந்தால், அந்தக் குழாய் பட்டியலில் வந்துவிடும். கருவியை முழுசாக வாங்க வேண்டும் என்பதில்லை, குழாயை மட்டும் வாங்கினாலும் அதே சட்டம்தான்.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. ராணுவத் தரமானது வெளியுறவுத் துறையின் கையில். அந்த விதித் தொகுப்பைத்தான் தொழிலில் 'ஐடார்' என்கிறார்கள். ஆயுதப் பட்டியலின் 12-ஆம் பிரிவில் இரவுப் பார்வைக் கருவி வருகிறது. மீதமுள்ளது வணிகத் துறையின் கையில். வேடிக்கை என்னவென்றால், ஒரு அமெரிக்கக் குடிமகன் அங்கே கடைக்குப் போய் மூன்றாம் தலைமுறைக் கண்ணாடியைச் சட்டப்படி வாங்கலாம். காட்டுப் பன்றி வேட்டைக்கு வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் அதே கண்ணாடியை லைசென்ஸ் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளிநாட்டு விமானத்தில் ஏறினால் அது ஏற்றுமதிக் குற்றம். விற்கவில்லை, திரும்பக் கொண்டு வந்துவிடுவேன் என்றாலும் குற்றம்தான். தண்டனை, குற்றம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம், 20 ஆண்டுகள் வரை சிறை.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவத்துக்கே இரவுக் கண்ணாடி செய்து கொடுத்த நிறுவனம் ஐ.டி.டி. கார்ப்பரேஷன். அது 2007 மார்ச்சில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்ட இசைந்தது. இரவுக் கண்ணாடி தொடர்பான தொழில்நுட்ப விவரங்களை லைசென்ஸ் இல்லாமல் சிங்கப்பூர், சீனா, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு அனுப்பியதுதான் குற்றம். கவனியுங்கள், அங்கே வழக்கு கருவியைப் பற்றியது அல்ல. வரைபடமும் விவரக் குறிப்பும் எல்லை தாண்டினதற்குத்தான் தண்டனை. அந்தத் தொகையில் பாதியை அமெரிக்க ராணுவத்துக்கு அடுத்த தலைமுறை இரவுக் கண்ணாடி உருவாக்குவதற்கே செலவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். தனி ஆட்களும் தப்புவதில்லை. 2018-இல் ஃப்ளோரிடாவில் ஒருவர், ராணுவத் தர இரவுப் பார்வைக் கருவிகளையும் வெப்பக் கருவிகளையும் ரஷ்யாவுக்குக் கடத்தச் சதி செய்ததாக ஒப்புக்கொண்டு 26 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

சரி, நேர்வழியில் எப்படி வாங்குவது? விலைக்கு முன்னால் விற்பவர் கேட்பது இறுதிப் பயனாளர் சான்றிதழ். யார் வாங்குகிறீர்கள், எத்தனை, எங்கே வைப்பீர்கள், எதற்கு, யார் கையில் இருக்கும் என்று எழுதி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்க ராணுவப் பொருளில் முக்கியமானவற்றுக்கு டி.எஸ்.பி-83 என்று ஒரு படிவமே உண்டு. தேவைப்பட்டால் நம் அரசாங்கத்தின் கையெழுத்தையும் கேட்பார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்று நாம் நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. பொருளோடு நாம் கொடுத்த வாக்கும் கூடவே வருகிறது. கருவி இருக்கிற வரைக்கும் அந்த வாக்கும் இருக்கும்.

எங்கள் நிறுவனத்துக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். மலைப்பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டம். இரவில் யானைகள் தொழிலாளர் லயன் வீடுகள் வரைக்கும் வந்துவிடும். இருட்டிலேயே யானையைக் கண்டுபிடித்து சைரன் அடிக்கும் கருவி வேண்டும் என்றார்கள். டெண்டரில் 'இமேஜ் இன்டென்சிஃபையர் கேமரா' என்று எழுதியிருந்தது. லைசென்ஸ் வர எவ்வளவு காலம் ஆகும் என்று உற்பத்தியாளரால் உறுதி சொல்ல முடியவில்லை. இங்கேயோ ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம்.

அந்தச் சமயத்தில் வேறொரு நாட்டிலிருந்து ஒரு வியாபாரி மெயில் போட்டார். அதே குழாய் கையிருப்பில் இருக்கிறதாம். படிவம் எதுவும் வேண்டாமாம். 'கேமரா உதிரிபாகம்' என்று எழுதி கூரியரில் பத்தே நாளில் அனுப்பி வைப்பாராம். எங்கள் பர்ச்சேஸ் அண்ணன் நல்ல மனிதர், கம்பெனிக்காக உழைப்பவர். அவரே, "ஏனுங்க தம்பி, நாம என்ன குண்டா வெக்கிறோம்? யானையப் பாக்கறதுக்குத்தானுங்களே! ஒரே ஒரு குழாய்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. லயன் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்களுக்கு வாசனாரும் தெரியாது, ஐடாரும் தெரியாது. அவர்களுக்குக் கருவி சீக்கிரம் வர வேண்டும், அவ்வளவுதான்.

நான் முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, பில்லில் பொய் எழுதி இறக்குமதி செய்தால் நம் சுங்கச் சட்டம் 1962-இன் கீழும் நாம்தான் குற்றவாளி, அந்த வியாபாரி அல்ல. இரண்டு, உற்பத்தியாளருக்கு இது தெரிந்தால் அடுத்த முறை நம் பெயரில் எந்தக் கருவியும் வராது. முதலாளி ஒரு நாள் யோசித்துவிட்டு, "வேண்டாம், வேற வழி பாருங்க" என்றார்.

வேறு வழி இருந்தது. நட்சத்திர ஒளியை நம்பாமல், உடம்பின் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா. அதில் மைக்ரோபோலோமீட்டர் என்ற சென்சார் இருக்கும். அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் ராணுவத்துக்காக ரகசியமாக உருவாக்கிய தொழில்நுட்பம் அது. 1992-இல் ரகசியம் நீங்கியது. பிறகு தீயணைப்புக்கும் மின்சாரப் பெட்டிகளைச் சோதிப்பதற்கும் வந்துவிட்டது. இதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆனால் ஒரு சலுகை இருக்கிறது. வினாடிக்கு 9 படங்களுக்கு மேல் எடுக்காத வெப்பக் கேமரா என்றால் கெடுபிடி மிகவும் குறைவு. ஓடும் வாகனத்தையும் பறக்கும் பொருளையும் குறி வைக்க 9 படம் போதாது என்பதுதான் அதன் பின்னால் உள்ள எண்ணம்.

எங்களுக்கு அது போதுமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்குச் சுமார் 7 மீட்டர். அதை 9-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் முக்கால் மீட்டர்தான் நகரும். அவ்வளவு பெரிய உருவத்துக்கு இது தாராளம். வாடிக்கையாளரிடம் போய் விளக்கினோம். டெண்டரில் எழுதியதை மாற்ற அவர்கள் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்கள். நான்கு வாரத் தாமதத்துக்கு அபராதமும் கட்டினோம். கருவி போய்ச் சேர்ந்தது. இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. வாங்க முடியாததை வாங்கத் துடிப்பதற்கு முன், நமக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான்.

யானைக்கு வெப்பக் கேமரா பொருத்தமானது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு மதுக்கரைப் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் வைத்து, யானை வருவதைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பை வனத்துறை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ராணுவ ரகசியமாகப் பிறந்த சென்சார் யானை உயிரைக் காக்கிற வேலைக்கு வந்திருக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா?

இப்போது ஒரு கேள்வி வரும். "வல்லரசுகள் தாங்கள் வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் கதவைச் சாத்துகின்றனவே, அந்தச் சட்டத்தை நாம் ஏன் மதிக்க வேண்டும்?" நியாயமான கோபம்தான். 1998 மே மாதம் போக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. மறு வருடம் கார்கிலில் நம் வீரர்கள் இரவு இரவாக மலையேறிப் போரிட்டபோதும் அந்தத் தடை நீங்கவில்லை. 2001 செப்டம்பரில்தான் நீங்கியது. தேவைப்படும் நேரத்தில் கதவு மூடும் என்பதை நம் நாடு அனுபவத்தில் கற்றது.

ஆனால் அதற்குப் பதில் கள்ளக் கதவு அல்ல. நம் நாடு இரண்டு காரியம் செய்தது. ஒன்று, தானே செய்யக் கற்றுக்கொண்டது. 1990-லேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து புனேயில் இந்தக் குழாய்களைச் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தது. பிறகு அது முழுக்க பாரத் எலெக்ட்ரானிக்ஸின் கைக்கு வந்தது. இரண்டாவது, நம்பத்தகுந்த நாடு என்ற பெயரைச் சம்பாதித்தது. 2017 டிசம்பரில் வாசனார் உடன்பாட்டில் 42-ஆவது உறுப்பினராக இந்தியா சேர்ந்தது. 2018-இல் அமெரிக்க வணிகத் துறை, உயர் தொழில்நுட்பப் பொருள்களை எளிதாகப் பெறக்கூடிய முதல் வரிசை நாடுகளில் இந்தியாவைச் சேர்த்தது. இருபது வருடத்தில் மூடிய கதவு பாதி திறந்திருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு பொய்க் கையெழுத்தும் அதைக் கொஞ்சம் சாத்துகிறது.

அது மட்டுமல்ல, பூட்டு இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. காலியம், ஜெர்மேனியம் இரண்டையும் அரசு அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சீனா 2023 ஆகஸ்ட் 1 முதல் விதி கொண்டு வந்தது. காலியம், மூன்றாம் தலைமுறைக் குழாய்க்கு வேண்டும். ஜெர்மேனியம், வெப்பக் கேமராவின் லென்ஸுக்கு வேண்டும். நம்மிடமும் பூட்டு இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வெளியிடும் 'ஸ்கோமெட்' பட்டியல்தான் அது. அதன் எட்டாம் பிரிவு ஏறக்குறைய வாசனார் பட்டியலை ஒட்டியே இருக்கும். எனவே நாளை நீங்கள் இங்கே செய்து வெளிநாட்டுக்கு விற்கும்போது, அந்தச் சான்றிதழில் உண்மையான கையெழுத்தைக் கேட்கப் போகிறவர் நீங்கள்தான்.

மாணவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சீனியர்களுக்கும் சில யோசனைகள்:

1. விலை கேட்பதற்கு முன்னால் அந்தப் பொருளின் ஏற்றுமதி வகைப்பாட்டு எண்ணைக் கேளுங்கள். நல்ல உற்பத்தியாளர் உடனே சொல்வார். சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

2. லைசென்ஸ் கிடைத்த நாளிலிருந்துதான் டெலிவரி காலம் தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அவசரம்தான் பாதித் தப்புக்குக் காரணம்.

3. இறுதிப் பயனாளர் சான்றிதழை வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "சும்மா ஆராய்ச்சின்னு போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள். கருவியின் இடம் மாறினால் விற்றவரிடம் தெரிவித்து அனுமதி கேளுங்கள்.

4. பழுதான கருவியை ரிப்பேருக்குத் திருப்பி அனுப்புவதும் ஏற்றுமதிதான். கண்காட்சிக்கு எடுத்துப் போவதும் அப்படித்தான். ஸ்கோமெட் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

5. 9 படக் கேமராவை சாஃப்ட்வேர் மாற்றி 25 ஆக்கலாமா என்று சென்ற மாதம் ஒரு தம்பி கேட்டார். அந்தச் சலுகையே அப்படி மாற்ற முடியாதபடி செய்த கேமராவுக்குத்தான். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆனால் அந்த வேலை வேண்டாம்.

6. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன்மார்களே, ஊருக்கு வரும்போது மச்சினன் "ஒரு நைட் விஷன் பைனாகுலர் வாங்கிட்டு வாங்க மாமா" என்று கேட்டால், சாக்லேட்டும் பெர்ஃப்யூமும் மட்டும் வாங்கி வாருங்கள். கடையில் வாங்கலாம் என்பதற்காக எல்லை தாண்டலாம் என்று பொருள் இல்லை.

7. எம்.எஸ். படிக்கப் போகும் தம்பி, தங்கைகளே, அங்கே ஒருவர் சொல்லிக் கொடுக்கும் விவரமே ஏற்றுமதி ஆகிவிடலாம். டென்னசி பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், ராணுவ ஆளில்லா விமான ஆராய்ச்சி விவரங்களை வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறந்துவிட்டதற்காக 2009-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஒரு ஆய்வகத்தில் சேருமுன் அந்தப் பிராஜெக்ட் வெளிநாட்டவருக்குத் திறந்ததா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நமக்கு சர்க்யூட் சொல்லிக் கொடுத்தார்கள், சிக்னல் சொல்லிக் கொடுத்தார்கள். இறக்குமதி, ஏற்றுமதிச் சட்டத்தை யாரும் சொல்லித் தரவில்லை, அது சிலபஸில் இல்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு வருடத்தில் ஒரு சனிக்கிழமை காலை இதற்கென்று ஒதுக்கினால் போதும். இந்தத் துறையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் முறை வைத்து வந்து நடத்தலாம். முதல் வருட வகுப்பை நானே எடுக்கத் தயார். சாப்பாடு மட்டும் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேண்டாம், வெளியில் பார்த்துக் கொள்கிறேன்!